ஒரு கோழிதானே என்று சொல்லாதவர்களுக்கு

எங்கள் தெரு உறவுகளுக்கும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல வந்தால், "இதுக்கெல்லாமா தாயி" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன புரட்டாசியில் எங்கள் கொல்லைப்புறத்துக் கோழிமடத்தில் நடந்தது தெருவுக்கே தெரியும். தாய்க்கோழியும் 9 குஞ்சும் இருந்தன, பொரித்து மூன்றே நாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும், கோழி கத்திய கத்தலில் எழுந்து ஓடினேன். வலையின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. 5 குஞ்சு கழுத்துக் கடிபட்டுக் கிடந்தன. தாய்க்கோழி மிச்சம் நாலையும் செட்டைக்குள் அமுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்திலும் ஆழமான கடி. மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அது போய்ச் சேர்ந்தது. தலைப்பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து திரும்பியபோது துணிப்பையில் கொண்டுவந்த சிறுவிடைக் கோழியின் வம்சம் அது. நான் அழுதுகொண்டு நின்றபோது உங்களில் ஒருத்தர்கூட "ஒரு கோழிதானே" என்று சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

முதல் நன்றி மேலத்தெரு அப்பத்தாவுக்கு. எல்லோரும் கீரிப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பத்தா குத்தவைத்து உட்கார்ந்து, செத்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "கீரி பகல்ல மேயிற சாதி. பொழுது அடைஞ்சா பொந்துக்குள்ள போயிரும். பாம்புன்னா குஞ்சை முழுங்கியிருக்கும், இப்படிப் போட்டுட்டுப் போகாது. இது மரநாய். பனையிலேருந்து எறங்கி ஓட்டு மேல வந்திருக்கு" என்றார். அண்ணாந்து பார்த்தால் ஓட்டில் எச்சம் கிடந்தது, பனம்பழ நாரோடு.

அன்று ராத்திரியே தன் அடைக்கோழியைப் பஞ்சாரத்தோடு தூக்கிவந்தார். அதற்கு முந்தின நாள்தான் அது குஞ்சு பொரித்திருந்தது. பகலில் விட்டால் வேற்றுக் குஞ்சு என்று கொத்தும், இருட்டில் வயிற்றடியில் தள்ளிவிட்டால் விடியும்போது தன் குஞ்சு என்றே நினைத்துக்கொள்ளும் என்று சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு நாலையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். கோழி ஒரு தடவை உடம்பைச் சிலுப்பியது, பிறகு 'கொர்ர்' என்று மெதுவாகக் குரல் கொடுத்தது. "ஏத்துக்கிருச்சு" என்றார். அப்படியும் வீட்டுக்குப் போகவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து விடியவிடிய உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கோழி ஒன்றை மட்டும் கொத்தியது, அது கொஞ்சம் கறுத்த குஞ்சு. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது ஒன் பாடு" என்றார்.

அந்த ஒற்றைக் குஞ்சை வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருக்கும் தங்கச்சி. அட்டைப்பெட்டி, அடியில் உமி, மேலே 60 வாட் குண்டு பல்பு. "வெப்பமானியெல்லாம் தேடாதீங்க அக்கா, குஞ்சைப் பாருங்க. பல்புக்கு அடியில போய் ஒடுங்கிக் கத்துனா குளிருது. எட்டப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்குனா சூடு அதிகம். அதுக்குத் தக்கன பல்பை ஏத்தி எறக்குங்க" என்றார். நான் அப்படியே செய்தேன். ஆனாலும் துணையில்லாமல் அது கத்திக்கொண்டே இருந்தது. என் மகள் தன் சின்னக் கண்ணாடியைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தாள். அதில் தெரிந்த குஞ்சை ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது!

அதே தங்கச்சிக்கு இன்னொரு நன்றியும் சொல்ல வேண்டும், அது தெருவே சொல்ல வேண்டியது. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் மடமே காலியாகும் என்று நமக்குத் தெரியும். ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். ஆனால் ஒரு குப்பியில் 100 குஞ்சுக்கு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் உடனே போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. நாலு குஞ்சு வைத்திருப்பவளுக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? இவர் வீடுவீடாகப் போய்க் கேட்டு, ஒரே காலையில் 63 குஞ்சுகளை எங்கள் வாசலுக்கு வரவைத்தார். ஐஸ் வைத்த பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இந்தப் பிப்ரவரி அரசு முகாமிலும் நம் தெருக் கோழிகளுக்கு இறக்கையில் ஊசி போட்டுவிட்டுத்தான் போனார்.

பட்டறை அண்ணனுக்கு நான் பட்ட கடன் தீராது. நான் போட்டிருந்தது அறுகோண ஓட்டைக் கோழிவலை. "இது கோழி வெளிய போகாம இருக்கத்தான் ஆகும்மா, வெளிய இருக்கிறது உள்ள வராம இருக்க ஆகாது" என்று அதைப் பிய்த்துப் போட்டார். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலையைச் சுற்றிலும் அடித்தார். அடிப்பக்க வலையை வெளிப்புறமாக ஓர் அடி மடக்கி மண்ணுக்குள் புதைத்தார். மண்ணைப் பறித்துக்கொண்டு வருவது எதுவானாலும் வலையில் முட்டித் திரும்பிவிடும். கொக்கிக்குப் பதில் தாழ்ப்பாள். கம்பிக்குத்தான் காசு வாங்கினார், கூலியை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

கோபத்தில் என் வீட்டுக்காரர் விஷம் வாங்கப் புறப்பட்டதும் உண்மை. அவரை டீக்கடையிலேயே உட்காரவைத்துப் பேசியவர் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா. மரநாயையோ கீரியையோ கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றார். அதைவிட, விஷம் வைத்த கறியை முதலில் தின்னப்போவது தெருநாயும் காக்காயும்தான், கீரி இல்லாத கொல்லையில் பாம்பும் எலியும் ஏறும் என்று எடுத்துச் சொன்னது அவர் மனதில் தைத்தது. நன்றி மாமா. அந்த மரநாய் இன்னும் பனையில்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

பகல் காவலுக்கு வழி செய்தவர் தேவிபட்டினத்துப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அண்ணன். கதையைக் கேட்ட மறுவாரம் மீன் பெட்டிக்கு மேல் பழைய வலை ஒன்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் கம்பு நட்டு அதை விரித்தோம். வல்லூறு இப்போதும் சுற்றுகிறது, இறங்குவதில்லை. கருவேலங்காட்டு ஓரத்தை வெட்டித் தந்த கீழத்தெருத் தம்பிகளுக்கும் நன்றி. கீரி பதுங்கி வர அங்கே மறைப்பு இல்லை.

பக்கத்து வீட்டு மதினிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னம்மா கொடுத்த கினிக்கோழி ஜோடி, புது ஆள் வந்தாலே தெரு அதிரக் கத்தும். உங்கள் வீட்டு அண்ணன் ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர். இத்தனை மாதமாக ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. போன மாதம் அவை கத்தித்தான் சாரைப்பாம்பு மடத்துக்குப் போவதைப் பார்த்தோம்.

நாலு குஞ்சும் பிழைத்துவிட்டன. மூன்று வெடை, ஒரு சேவல். கண்ணாடி பார்த்து வளர்ந்த கறுப்பு போன செவ்வாய்க்கிழமை முதல் முட்டை வைத்தது, அதை அப்பத்தா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

பெரிய கோழி ஒன்று 11 முட்டையில் அடை படுத்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்ததில் கூமுட்டை ஒன்றுதான். வருகிற வியாழனோடு 21 நாள். அப்பத்தா, புதன்கிழமை சாயங்காலமே வந்துவிடுங்கள். சாக்கு வேண்டாம், கட்டில் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண்