குட்டியானைக்குப் பூட்டு எங்கே போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு சரக்கு வண்டி திருட்டுப் போனதாகச் செய்தி வந்தால் கூடவே வரும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான்: கேமரா வையுங்கள், அலாரம் மாட்டுங்கள். குட்டியானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற வண்டிகளின் வயரிங், மெக்கானிக் வேலையில் இருக்கும் நாங்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறோம். கேமரா திருடனின் முதுகைக் காட்டும், வண்டியை நிறுத்தாது. மலிவான அலாரம் பூனை ஏறினாலும் அலறும். பத்தாவது நாள் டிரைவரே அதன் வயரைக் கழற்றிவிடுவார். வண்டி போனாலும் தவணை நிற்காது. ஒரு குடும்பத்தின் சோறு அது. அதைக் காக்கக் குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், வண்டி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். சாவியில் இம்மொபிலைசர் (சரியான சாவியின் சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சினைக் கிளம்ப விடும் மின்னணுப் பூட்டு) இல்லாத வண்டிகளில் இக்னிஷன் பூட்டை உடைத்து, பின்னால் இருக்கும் வயர்களை நேராகச் சேர்த்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். ஸ்டியரிங் பூட்டு பலமாக ஒரு திருகு திருகினால் முறிகிற அளவுதான். செல்ஃப் எடுக்காவிட்டால், இறக்கத்தில் தள்ளி இரண்டாவது கியரில் போட்டுக் கிளப்பிவிடுவார்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. மார்க்கெட்டில் எடைச் சீட்டு வாங்க டிரைவர் இறங்கிப் போகும்போது சாவி வண்டியிலேயே தொங்குகிறது. இதைத் தடுக்க ஐம்பது ரூபாய் கூட வேண்டாம். சாவியை இடுப்பு பெல்ட்டோடு ஒரு சுருள் கயிற்றில் கட்டிவிட்டால், இறங்கும்போது கயிறே இழுத்து நினைவுபடுத்தும்.

டிரைவர் வேலையை விட்டுப் போனால் பூட்டு பேரலை (சாவி நுழையும் உருளையை) மாற்றிவிடுங்கள். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அந்தச் சாவிக்கு எத்தனை நகல் வெளியே இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது ரகசிய சுவிட்ச். எங்கள் பார்வையில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். தப்பாகப் போடப்படுவதும் இதுதான். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரையே வெட்டிச் சின்ன சுவிட்ச் போட்டுவிடுகிறார்கள். செல்ஃபின் சோலனாய்டு (கரண்ட் வந்தால் காந்தமாகும் சுருள்) இழுக்கும் நொடியில் அந்த வயரில் பல பத்து ஆம்பியர் ஓடும். பத்து ஆம்பியர் சுவிட்ச் சில வாரங்களில் உள்ளே கருகி, ஒருநாள் விடியற்காலை லோடோடு நிற்க வைத்துவிடும். செல்ஃப் ரிலே என்பது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச். வெட்ட வேண்டியது அதன் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரை. சாவியைத் திருப்பும்போது ரிலேக்கு உத்தரவு சொல்லும் வயர் அது. அதில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு, எந்தச் சுவிட்சும் வருடக்கணக்கில் தாங்கும்.

வேண்டியவை: 12 வோல்ட் ராக்கர் சுவிட்ச் ஒன்று, 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு மீட்டர், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், நான்கு கிளிப். முதலில் பேட்டரியின் எர்த்தை, அதாவது மைனஸ் முனை வயரை, கழற்றிவிட்டு ரிலே பெட்டியைத் திறந்து, பொருட்களை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். சரியான வயரைத் தேடும்போது மட்டும் எர்த்தை மாட்டி, கியரை நியூட்ரலில் போட்டு மல்டிமீட்டரை வையுங்கள். சாவி 'ஸ்டார்ட்' நிலைக்குப் போகும்போது மட்டும் 12 வோல்ட் காட்டி, விட்டதும் விழுகிற மெல்லிய வயர்தான் நமக்கு வேண்டியது. மறுபடி எர்த்தைக் கழற்றி, அதை வெட்டி, இரு முனைகளையும் சுவிட்சுக்குக் கொண்டு போங்கள். புதிய வயர் பழைய வயரின் நிறத்திலேயே இருக்கட்டும், பழைய கட்டுக்குள்ளேயே ஓடட்டும். கறுப்புக் கட்டுக்குள்ளிருந்து தனியாக ஒரு சிவப்பு வயர் எட்டிப் பார்த்தால், தேடுகிறவனுக்கு நாமே வழி காட்டியது போல ஆகிவிடும்.

இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி, ஒரு கோடை முடிவதற்குள் அவிழ்ந்து தொங்கும். பிறகு அந்த முனை பாடியில் உரசும். ஈயம் பற்றவைத்தோ கிளிப் அழுத்தியோ, மேலே ஸ்லீவ் போட்டு முடியுங்கள்.

சுவிட்சை டாஷ்போர்டுக்கு அடியில், ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது பழக்கமாகிவிட்டது. திருடன் முதலில் கை விட்டுத் துழாவும் இடமும் அதுதான். சில வண்டிகளில் டாஷ்போர்டில் உபயோகமில்லாத வெற்று பட்டன் இடம் ஒன்று இருக்கும். அங்கே ஃபாக் லைட் சுவிட்ச் மாதிரியே ஒன்றை மாட்டிவிட்டால் கண்ணெதிரே இருந்தும் தெரியாது. எங்கே வைத்தாலும், உட்கார்ந்தபடி கைக்கு எட்ட வேண்டும், கேபினைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது நனையக் கூடாது, பக்கத்தில் உட்காருகிறவரின் முழங்கால் படக் கூடாது.

இந்தச் சுவிட்ச் செல்ஃபைத்தான் தடுக்கும், தள்ளி ஸ்டார்ட் செய்வதைத் தடுக்காது. அதற்காக டீசல் பக்கத்தைத் தடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் எஞ்சினை நிறுத்தும் சோலனாய்டு இரண்டு விதம். ஒன்று, கரண்ட் இருந்தால்தான் டீசலை விடும். இன்னொன்று, கரண்ட் வந்தால் டீசலை அடைக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் நின்றால் முதல் வகை. நிற்காமல் ஓடினால் இரண்டாம் வகை. அதில் சுவிட்ச் போட்டு வயரை வெட்டினால் திருடனுக்கு ஒரு தடையும் இல்லை, உங்களுக்குத்தான் சாவியால் வண்டியை அணைக்க முடியாமல் போகும்.

முதல் வகையிலும் நாங்கள் தயங்குகிறோம். டீசல் லைனில் போட்ட சுவிட்ச் ஓட்டத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து விடுபட்டால் எஞ்சின் நின்றுவிடும். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் (காற்றில்லா உறிஞ்சல்) தருவது எஞ்சின்தான். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும்; பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். முக்கால் டன் லோடோடு பைபாஸில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜி.பி.எஸ். கருவி மாட்டுகிறவர்கள் "போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம்" என்று விற்பதும் இதே ஆபத்துதான். அந்தக் கருவியோடு வரும் ரிலேயைச் செல்ஃப் ரிலேயின் வயரில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். நின்ற வண்டி மறுபடி செல்ஃபில் கிளம்பாது. ஓடுகிற வண்டி நடுரோட்டில் நிற்காது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதற்கு மருந்து பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், அதாவது சாவி போட்டுத் திருப்பும் வகை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படியான) வண்டிகளில் கரண்ட் இல்லாமல் இ.சி.யு., அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், வேலை செய்யாது, எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாது. மேலே சொன்ன முதல் வகைப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். எர்த் கேபிளில் மாட்டுங்கள். புதிதாகச் சேர்க்கும் கேபிள் பழையதன் பருமனுக்குக் குறையக் கூடாது. மாட்டிய பின் திருப்பிவிட்டு ஹாரனை அழுத்திப் பாருங்கள். ஹாரன் அடித்தால் வேறு ஏதோ ஒரு எர்த் வயர் பேட்டரி முனையிலேயே தங்கிவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது தொடவே கூடாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் எகிறி டையோடு போகும், இ.சி.யு. வரை அடிபடலாம். பி.எஸ்.6 வண்டியில் சாவியை அணைத்தபின் இரண்டு நிமிடம் விட்டுத் திருப்புங்கள், இ.சி.யு. தன் கணக்கை முடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். வாரண்டி முடியாத வண்டியில் எந்த வயரையும் வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

காசே செலவில்லாமல் ராத்திரி செல்ஃப் ரிலேயைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் அதே அச்சு. ஹாரன் ரிலேயை எடுத்து அந்த ஓட்டையில் செருகினால் திருடனின் வேலை முடிந்தது. தினமும் பிடுங்கினால் சாக்கெட்டின் தகடும் தளர்ந்து, நமக்கே செல்ஃப் எடுக்காது. வெளியூரில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வயரிங் தெரிந்தவன் இவற்றையெல்லாம் கண்டுபிடித்துவிடுவான் என்று சொல்பவர்கள் உண்டு. கண்டுபிடிப்பான், ஆனால் நேரம் ஆகும். அந்த நேரத்தை இன்னும் நீட்டுவது சங்கிலி. எந்த வகை என்று தெரியாத வண்டிக்கும், கரண்ட் வந்தால் டீசலை அடைக்கும் பழைய வண்டிக்கும் இது ஒன்றே நம்பகமான தடை. 10 மி.மீ. கம்பியில் செய்த, கடினப்படுத்திய சங்கிலி ஒன்றரை மீட்டர், அதற்கேற்ற தடித்த பூட்டு. கடையிலேயே ஒரு அரத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அரத்தின் பல் வழுக்கினால் நல்ல சங்கிலி. வெள்ளைக் கோடு ஆழமாக விழுந்தால் அது கிணற்று வாளிக்குத்தான் ஆகும். பூட்டின் வளையத்துக்கும் இதே சோதனை.

பின் சக்கர ரிம்மின் ஓட்டை வழியாக விட்டு, இலைப்பட்டைக் கட்டை (லீஃப் ஸ்பிரிங்கை)ச் சுற்றி எடுத்துப் பூட்டுங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும் சங்கிலிக்குள் சிக்கக் கூடாது. தொய்வு இருக்கக் கூடாது. சங்கிலி தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் உடம்பு பாரத்தையே ஏற்றி வெட்டிவிடலாம். இறுக்கமாக, சக்கரத்துக்கு உள்பக்கமாகப் பூட்டு போய்விட்டால் கட்டருக்கு வாகே கிடைக்காது. காலையில் மறந்து வண்டியை எடுத்தால் பிரேக் லைன் பிய்ந்து வரும். ஆகவே பூட்டிய கையோடு ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். பூட்டுக்குள் கிரீஸ் வேண்டாம், புழுதியைப் பிடித்து இறுகிவிடும். மாதம் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

வண்டி போகாவிட்டாலும் பாகங்கள் போகும். சேஸில் வெளியே தெரியும் பேட்டரி பெட்டிக்கு வெல்டிங் பட்டறையில் எல் ஆங்கிளில் ஒரு கூண்டு அடித்து, நாதாங்கி வைத்துப் பூட்டுங்கள். கூண்டின் எந்தக் கம்பியும் பிளஸ் முனைக்கு இரண்டு விரல் தூரத்துக்குள் வரக் கூடாது, மேலே ரப்பர் ஷீட் போடுங்கள். வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், இ.சி.யு. உள்ள வண்டியில் அதன் சாக்கெட்டையும். ஸ்டெப்னிக்கு மிச்சமிருக்கும் சங்கிலித் துண்டு, டீசல் டேங்குக்குப் பூட்டு மூடி.

ஜி.பி.எஸ். வாங்கினால் கருவிக்குள் சொந்த பேட்டரி இருக்கிறதா, 4ஜி-யா என்று மட்டும் பாருங்கள். 2ஜி-யில் மட்டும் ஓடும் கருவியில் ஜியோ சிம் போட்டால் ஒன்றும் நடக்காது. தகட்டுக்கு அடியில் ஒளித்தால் சிக்னல் வராது. டாஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குக் கீழே, முகம் வானத்தைப் பார்க்க வையுங்கள். கட்-ஆஃப் மாட்டிய வண்டியில் கருவியின் இரண்டு வயர்களையும் நேராகப் பேட்டரி முனைகளிலேயே, ஃப்யூஸோடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுவதும் கருவி தன் பேட்டரியைத் தின்று, விடியும்போது செத்துக் கிடக்கும். சிம் ரீசார்ஜ் தேதியை டிரைவரிடம் விடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் மீறிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். உடனே 112. பிறகு காவல் நிலையத்தில் எழுதும் புகாரில் "சரக்கு ஏற்றும் வாகனம்" என்ற வார்த்தையைக் கண்டிப்பாகச் சேருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், சாதாரணத் திருட்டுக்கான 303-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரைதான் தண்டனை. சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடுவது 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. வண்டியிலிருந்து சரக்கைத் திருடுவதும் அதே பிரிவில் வருகிறது. முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்ததும் எந்தப் பிரிவு என்று படித்துப் பாருங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசாவும் வராது. முழுக் காப்பீடு என்றாலும் இரண்டு சாவியையும் கேட்பார்கள். இரண்டாவது சாவியை டாஷ்போர்டு டப்பாவில் வைத்திருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபாஸ்டேகை அவசரப்பட்டு முடக்காதீர்கள். கண்ணாடியிலிருந்து கிழிக்காமல் திருடன் சுங்கச்சாவடியைத் தாண்டினால், எந்தச் சாவடி, எத்தனை மணி என்று உங்கள் போனுக்கே செய்தி வரும். அதை அப்படியே காவல் நிலையத்தில் காட்டுங்கள்.

இன்றைக்கே செய்யக் கூடிய வேலை ஒன்று உண்டு. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு)ப் போகும்போது சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதே மாதிரி இரண்டு தாள் எடுத்து வையுங்கள். திருடிய வண்டியின் நம்பரைத் தேய்த்து வேறு நம்பர் குத்தினாலும், எழுத்தின் சாய்வும் இடைவெளியும் உங்கள் தாளோடு ஒத்துப் போகாது. கேபின் கூரையின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில், லோடு பாடியின் தரைப் பலகைக்குக் கீழே என்று மூன்று இடத்தில் சேஸ் நம்பரின் கடைசி ஆறு இலக்கத்தைப் பொறித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தாளும் போட்டோவும் இரண்டாவது சாவியோடு வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறு சரக்கு வாகன மெக்கானிக்குகள், எலக்ட்ரீசியன்கள்,
ஒட்டன்சத்திரம்.