வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்துக் காட்டியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

குடல் எரிச்சல் நோய்க்குறி, அதாவது ஐபிஎஸ் உள்ளவர்களுக்கான உணவுக் கையேடு தமிழில் தொகுத்து முடிந்தது. அட்டையில் உணவியலாளர்களான எங்கள் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் அளவும் பக்குவமும் பெரும்பாலும் எங்களுடையவை அல்ல. பலருடைய அடுப்படியிலிருந்தும் நோட்டுப் புத்தகங்களிலிருந்தும் வந்தவை. யார் எதைக் கொடுத்தார்கள் என்று எல்லோரும் அறியச் சொல்லிவிடவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் பேரைச் சொல்லவில்லை.

முதல் வணக்கம் கடல் கடந்து போகிறது. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் ‘ஃபாட்மேப்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரை வகைகளுக்கு அது பொதுப்பெயர். பூண்டு, வெங்காயம், கோதுமையில் ஃப்ரக்டான், பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றில் காலக்டான், பாலில் லாக்டோஸ், மாம்பழத்திலும் தேனிலும் மிகுதியாக நிற்கும் ஃப்ரக்டோஸ், காளான், காலிஃபிளவரில் மானிட்டால். இவை குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். இது எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குக் குடல் நரம்புகள் கூருணர்வோடு இருப்பதால், அடுத்தவருக்குத் தெரியாமலே போகும் வாயு இவர்களுக்கு உப்புசமாகவும் வலியாகவும் தெரிகிறது.

இந்த முறையைக் கண்டவர்கள் இவற்றை ஆயுளுக்கும் விலக்கச் சொல்லவில்லை. இரண்டு முதல் ஆறு வாரம் குறை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் அளவோடு வை என்றார்கள். நம் ஊருக்கு வந்ததும் அது பத்தியமாகிவிட்டது. வருடக்கணக்கில் கஞ்சியும் வெறும் ரசமுமாகச் சாப்பிட்டு, எடை குறைந்து, விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியவர்கள் உண்டு. நெடுநாள் விலக்கினால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும், குறிப்பாக பிஃபிடோ வகை, குறைந்துபோகும். இது பத்தியமல்ல, பரிசோதனை. இந்த வேறுபாட்டை எங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் கீழே வரும் நன்றிகள் எல்லாம்.

பரிசோதனைக்கு முன் பரிசோதனை வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற குடல்நோய் மருத்துவர்களுக்கு நன்றி. ஐபிஎஸ் என்று சொல்ல மருத்துவர்கள் உலகளவில் பின்பற்றும், 2016இல் வந்த ரோம் நான்காம் வரையறையைக் கையேட்டில் எளிய தமிழில் எழுதித் தந்தவர்கள் அவர்களே. கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு, போகும் தடவையில் மாற்றம், மலத்தின் பதத்தில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் கையேட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறோம். நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது. இன்னொன்று: கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். கோதுமையை விட்ட பிறகு செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவருக்குத் தனி நன்றி.

அடுத்து, திவசச் சமையலும் கோயில் மடப்பள்ளிச் சமையலும் கைவந்த சமையல்காரர்களுக்கு. வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ருசி எங்கிருந்து வரும் என்று நாங்கள் பட்டியல் தேடிக்கொண்டிருந்தோம். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் என்று அவர்கள் ஐந்து விரலை மடக்கினார்கள். ஐந்துமே இந்த முறைக்கு ஒத்துவருபவை. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பதுண்டு. ஒரு சிட்டிகை அளவில் ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அது பொருட்டல்ல; சீலியாக் உள்ளவர்களுக்குப் பொருட்டுதான்.

அவர்களோடு ஒரு தகராறும் நடந்தது. வெங்காயம் இல்லாவிட்டாலும் அந்தச் சமையலில் பருப்பு அதிகம். கெட்டிச் சாம்பாரும் வடையும் பருப்புருண்டைக் குழம்பும் ஒரே இலையில் விழுந்தால் காலக்டான் அளவு மீறிவிடும். பேசிப் பேசி வந்த சமரசம் இது. நான்கு பேருக்குக் கால் கப் துவரம்பருப்பு. குறைந்தது நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். காலக்டான் நீரில் கரையும் என்பதால் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். குழம்பு நீர்த்துப்போனால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றலாம். காய்க்குக் கத்தரி, கேரட், பீன்ஸ் ஆகும். இறக்கும்போது வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி இரண்டு மேசைக்கரண்டி தூவலாம். அடியிலுள்ள வெள்ளைக் குமிழ் கூடாது, ஃப்ரக்டான் அங்கேதான் இருக்கிறது. முந்திரி விழுது சேரும் குருமாவுக்கு நிலக்கடலை விழுது என்பதும் அவர்கள் யோசனை. முந்திரி வயிற்றை ஊதவைக்கும், நிலக்கடலை பொதுவாகத் தொல்லை செய்யாது.

பூண்டு எண்ணெய்தான் கையேட்டிலேயே அதிகம் பிழையாகச் செய்யப்பட்ட பொருள். ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே நூறு மில்லி நல்லெண்ணெயில் நான்கைந்து முழுப் பூண்டுப் பற்களைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வாட்டி, கருகும் முன் ஒன்று விடாமல் எடுத்துவிட்டால், மணம் எண்ணெயில் நிற்கும், தொந்தரவு பூண்டோடு போய்விடும். ‘அப்படியே செய்தேன், வயிறு ஊதுகிறது’ என்று எழுதியவர்களின் செய்முறையை வரிக்கு வரி கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. பூண்டு வதங்கும்போதே தக்காளியையும் தண்ணீரையும் சேர்த்துவிட்டு, கொதித்த பிறகு பற்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஃப்ரக்டான் குழம்பில் இறங்கிவிட்டது. ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டை வடிகட்டினாலும் இதே கதைதான். பிழையை மறைக்காமல் எழுதிய அவர்களுக்கு நன்றி. இந்த எண்ணெயை மேடையில் பாட்டிலில் வைத்திருக்கக் கூடாது. எண்ணெயில் மூழ்கிய பூண்டில் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியும். அன்றன்றைக்குச் செய்வது நல்லது. மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

டிபன் கடை மாஸ்டர் ஒருவர் ஒரே வாக்கியத்தில் காலை உணவுப் பகுதியை முடித்துக்கொடுத்தார்: “இட்லி ஒண்ணும் பண்ணாது சார், தொட்டுக்கிறதுதான் பண்ணும்.” உண்மை. நாலுக்கு ஒன்று விகிதத்தில் அரைத்து இரவெல்லாம் புளித்த மாவில் உளுந்தின் காலக்டானை நுண்ணுயிர்கள் ஓரளவு தின்றுவிடுகின்றன. சிக்கல், சின்ன வெங்காயச் சாம்பாரிலும் பொட்டுக்கடலைச் சட்னியிலும் இருக்கிறது. தேங்காய், இஞ்சி, பச்சைமிளகாய் பாதி வைத்து அரைத்த சட்னியை அவர் பழக்கப்படுத்தினார். பாதி என்பதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரப்பொருள் குடலின் வலியுணர் நரம்புகளை நேரடியாகத் தூண்டும். காபி, டீயை நாளுக்கு மூன்று கோப்பைக்குள் வைக்கச் சொல்வது பிரிட்டன் வழிகாட்டுதல். நம் ஊர்க் காபியில் பாலும் கணக்கில் வரும். நூறு மில்லி பாலில் சுமார் ஐந்து கிராம் லாக்டோஸ்.

நோட்டுப் புத்தகம் எழுதியவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! நேரம், உணவு, அளவு, வலி பத்துக்கு எத்தனை, தூங்கிய மணி, மாதவிடாய் நாள், அன்றைய மனநிலை என்று கட்டம் போட்டு வாரக்கணக்கில் எழுதினார்கள். மலத்தின் பதத்தை வகைப்படுத்த 1997இல் வந்த பிரிஸ்டல் மல அட்டவணையின் ஏழு வகைகளுக்கும் நாங்கள் வைத்திருந்த தமிழைப் படித்துச் சிரித்துவிட்டு, ஒன்றாம் வகைக்கு ஆட்டுப்புழுக்கை என்றும் நான்காம் வகைக்கு வாழைப்பழம் என்றும் ஆறாம் வகைக்குக் கூழ் என்றும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். கையேட்டிலும் அப்படியே வைத்துவிட்டோம்.

அந்த நோட்டுகள் காட்டிய பெரிய உண்மை, பழி எப்போதும் கடைசியாகத் தின்றதன் மேல் விழுகிறது என்பது. சாப்பிட்ட கால் மணியில் முறுக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓட வைத்தால், அது பெரும்பாலும் அந்த உணவின் குற்றமல்ல. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் சுருங்கும் இயல்பான அனிச்சைச் செயல் அது. ஐபிஎஸ் உள்ளவர்களுக்குச் சற்று மூர்க்கமாக நடக்கிறது. நொதித்தலால் வரும் உப்புசம் பல மணி நேரம் கழித்து வரும். மாலை வயிறு ஊதினால் மதியத்தையோ காலையையோ பார்க்க வேண்டும். ‘சாம்பார்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை, சாம்பாரில் என்ன போட்டது என்று எழுத வேண்டும்.

திரும்பச் சேர்க்கும் கட்டத்துக்குத் துணிந்தவர்கள் சிலரே. நன்றாக இருக்கும் வயிற்றைக் கெடுத்துக்கொள்வானேன் என்ற பயம் இயல்பானது. துணிந்தவர்களின் தயவால் அளவுகள் உறுதிப்பட்டன. ஒரு சோதனைக்கு மூன்று நாள், ஒரு பொருள். பால் என்றால் கால் கப், அரை கப், ஒரு கப். பூண்டு என்றால் கால் பல், அரைப் பல், ஒரு பல். சப்பாத்தி ஒன்று, இரண்டு, மூன்று. வேகவைத்த கொண்டைக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, கால் கப், அரை கப். தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு அமைதியாகும்வரை பொறுத்து அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். தேறிய பொருளையும் எல்லாச் சோதனையும் முடியும்வரை தினசரி உணவில் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் அடுத்த சோதனையில் எது செய்த வேலை என்று தெரியாது. மாதவிடாயை ஒட்டிய நாள்களிலும் தேர்வு, பயண வாரத்திலும் தொடங்காதீர்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், எடை குறைந்தவர்கள், இன்சுலின் போடுபவர்கள் உணவியலாளர் துணையின்றி இதில் இறங்க வேண்டாம்.

மருந்துக்கடையில் இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியைக் கொடுக்கும்போதே ‘தண்ணி எவ்வளவு குடிப்பீங்க’ என்று கேட்கும் மருந்தாளுநர்களுக்கும் நன்றி. ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் நீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடித்து, வாரத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூட்டாமல் போக வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. நார்ச்சத்து என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போடுவது தவறு. 2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இசப்கோல் வகை நார் பலன் தந்தது. தவிடு சாப்பிட்டவர்களில் பலர் தொந்தரவு கூடிப் பாதியிலேயே விலகினார்கள்.

மனஅழுத்தப் பகுதியை எழுத உதவிய யோகா ஆசிரியைக்கு நாங்கள் ஒரு மன்னிப்பும் சொல்ல வேண்டும். முதலில் அதை இரண்டு பத்தியில் முடித்திருந்தோம். மூளைக்கும் குடலுக்கும் இடையே இருவழிப் பேச்சு நடக்கிறது. ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்புவது அந்தப் பேச்சில் ஒரு பாதியை மட்டும் கேட்பது. 1984இல் மான்செஸ்டரில் மருத்துவர் பீட்டர் வொர்வெல் குடலை நோக்கிய அறிதுயில் (ஹிப்னாஸிஸ்) சிகிச்சையால் பலன் காட்டினார். 2016இல் மெல்பர்ன் ஆய்வில் அந்த முறையும் ஃபாட்மேப் உணவும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. இதைப் படித்த பிறகு அந்தப் பகுதி நீண்டது. ஆசிரியை தந்த பயிற்சி எளியது. மல்லாந்து படுத்து, ஒரு கை மார்பிலும் ஒரு கை தொப்புளுக்கு மேலும் வைத்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். மேல் கை அசையக் கூடாது, கீழ் கைதான் எழ வேண்டும். காலை மாலை பத்து நிமிடம். தவறும் இடம் இரண்டு: வயிற்றை வேண்டுமென்றே தள்ளுவது; வலி வந்த அன்று மட்டும் செய்வது. வலியில்லாத நாளில் பழகியதுதான் வலி நாளில் கைகொடுக்கும்.

காலையில் அரை மணி முன்னே எழுந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லாமல் உட்காருவது பாதி வைத்தியம். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சாண் உயரத்தில் முக்காலி, கைபேசி வெளியே, பத்து நிமிடத்துக்கு மேல் முக்க வேண்டாம். கதவருகே இருக்கை மாற்றிக்கொடுத்த, நடுவில் எழுந்து போனால் ஏன் என்று கேட்காத மேலதிகாரிகளுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு கும்பிடு. போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்குப் போக வேண்டிய அவசரம் தணிந்துவிடுகிறது.

ஆறு வாரம் ஒழுங்காக இருந்தும் மாற்றமில்லை என்று நேர்மையாகச் சொன்னவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் இது வேலை செய்யாது. அவர்களை ‘இன்னும் கடுமையாக இருங்கள்’ என்று விரட்டாமல், வழக்கமான உணவுக்குத் திருப்பி, மருந்துக்கும் மனப்பயிற்சிக்கும் அனுப்புவதே முறை என்று கையேட்டின் கடைசி அத்தியாயம் சொல்வதற்கு அவர்களே காரணம்.

கடைசியாக, கல்யாணப் பந்தியில் பரிமாறும் கைகளுக்கு. சாதம், பூண்டில்லாத ரசம், அவியலில் இரண்டு கரண்டி, ஒரு அப்பளம், கொஞ்சம் மோர் என்று ஒருவர் இலையைத் தானே அமைத்துக்கொள்ளும்போது, பாயசத்துக்கு இலைமேல் கை மறித்தால், ‘ஒரு கரண்டி, ஆசைக்கு’ என்று வற்புறுத்தாமல் அடுத்த இலைக்கு நகர்ந்தீர்களே, அதற்கு.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்