டோபா ஸ்ட்ரெயின் தேர்வு அறிக்கை: இந்தப் பட்டியலை எங்களால் ஏற்க முடியாது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். எங்கள் ஈஸ்ட் லைப்ரரியிலிருந்து (மரபணு மாறிய ஈஸ்ட் வகைகளின் தொகுப்பு) எல்-டோபா என்ற மருந்துப் பொருளை, சுருக்கமாக டோபாவை, அதிகம் தரும் ஸ்ட்ரெயின்களை, அதாவது ஈஸ்ட் வகைகளை, பிரித்துத் தரச் சொல்லி உங்களிடம் கொடுத்திருந்தோம். பணமும் முழுதாகக் கட்டியாயிற்று. நீங்கள் அனுப்பிய அறிக்கை பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னபோது, ஃபுளோரசென்ஸ் (ஒளி பட்டதும் செல் மின்னும் அளவு) ஏறினால் டோபா ஏறியதாகத்தான் அர்த்தம் என்று உங்கள் ஊழியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதனால் எல்லாவற்றையும் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் உங்கள் பட்டியலின் முதல் பத்து. அதில் எட்டு ஸ்ட்ரெயின்கள், சின்னச் சின்னக் குழிகள் கொண்ட வளர்ப்புத் தட்டான பிளேட்டின் ஓரக் குழிகளில் வளர்ந்தவை. உங்கள் எக்செல் கோப்பைத் திறந்து நீங்களே பாருங்கள்: ஏ வரிசை, எச் வரிசை, 1-ஆம் பத்தி, 12-ஆம் பத்தி, திரும்பத் திரும்ப இவைதான். 96 குழி பிளேட்டில் ஓரத்தில் இருப்பவை 36. லைப்ரரியைக் கலைத்துப் போட்டிருந்தால் பத்தில் நாலைந்து அங்கே வரலாம், எட்டு வருவதற்கு நியாயமே இல்லை. ஓரக் குழிகளில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், மிச்சமிருக்கும் மீடியம் (வளர்ப்புக் கரைசல்) கெட்டியாகும், அதில் உள்ள எல்லாமே கூடுதலாக மின்னும். பிளேட் வைத்து வேலை செய்கிற எவருக்கும் இது தெரியும். ஓரத்தில் வெறும் மீடியம் ஊற்றி விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் காற்று போய்வரும் ஃபிலிம் ஒட்டி, ஈரப்பதம் உள்ள ஷேக்கரில் வைப்பார்கள். இதில் எதைச் செய்தீர்கள் என்று அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அதைவிட மோசம், ஃபுளோரசென்ஸ் எண்ணை ஓ.டி. 600-ஆல், அதாவது குழியில் செல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும் அளவால், வகுக்கவே இல்லை. செல் அதிகமாக வளர்ந்த குழி அதிகமாக மின்னத்தான் செய்யும். அது எப்படி நல்ல ஸ்ட்ரெயின் ஆகும்?

வேகமான முறைகளுக்கு நான் எதிரி இல்லை. பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து நேராக அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஒரு மாதிரிக்குப் பத்து, இருபது நிமிடம் போகும். பிளேட் ரீடர் ஒரு முழு பிளேட்டையே ஓரிரு நிமிடத்தில் படித்துவிடும். ஆயிரக்கணக்கான மியூட்டன்ட்களை (மரபணு மாறிய ஸ்ட்ரெயின்களை) பார்க்க வேறு வழி கிடையாது. நாங்கள் பயன்படுத்தும் நிற முறையும் நல்ல முறைதான். பெர்க்லியில் ஜான் டியூபரின் குழு 2015-இல் வெளியிட்டது. பீட்ரூட் இனத்து என்சைம் டைரோசினை டோபாவாக்கும், அந்திமந்தாரைப் பூவிலிருந்து எடுத்த இன்னொரு என்சைம் அந்த டோபாவைப் பீட்டலாமிக் அமிலமாக்கும், அது செல்லில் இருக்கும் அமினோ அமிலங்களோடு தானாகவே சேர்ந்து, மின்னும் மஞ்சள் நிறமியான பீட்டாசாந்தின் ஆகிவிடும். அவர்கள் இதை வைத்துத்தான் முதல் என்சைமை மேம்படுத்தி, டோபாவை 2.8 மடங்கும் டோபாவிலிருந்து உண்டாகும் டோபமைனை 7.4 மடங்கும் கூட்டினார்கள். டோபமைன் எவ்வளவு என்பதை இந்த நிறம் காட்டாது, அதை நேராக அளந்துதான் சொல்ல முடியும். நிறம் அவர்களுக்கு வழி காட்டியது, முடிவை அளந்து சொன்னார்கள். உங்கள் அறிக்கையில் அந்த இரண்டாவது பாதியே காணோம்.

இந்த நிறத்தில் எங்கே ஏமாறலாம் என்பது ரகசியமும் அல்ல. பீட்டாசாந்தின் நீல ஒளியில் தூண்டப்பட்டுப் பச்சையில் மின்னுகிறது. ஈஸ்டில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் மின்னும். பீட்ரூட் என்சைம் சில சமயம் டோபாவோடு நிற்காமல் அதை மேலும் ஆக்சிஜனேற்றி, சிவப்பு பீட்டாசயனின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்போது டோபா உண்டாகியும் மஞ்சள் குறைவாகத் தெரியும். அந்திமந்தாரை என்சைம் ஒரு செல்லில் கூடுதலாக உண்டானாலும் மஞ்சள் ஏறும், டோபா ஏறியிருக்காது. ஆக, நல்லது பின்னால் போகலாம், சும்மா மின்னுவது முன்னால் வரலாம். இதற்காகத்தான் பீட்டாசாந்தின் பாதையே இல்லாத ஒரு ஈஸ்டை ஒவ்வொரு பிளேட்டிலும் கன்ட்ரோலாக (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக) வைக்கச் சொன்னோம், அதைக் கையோடு கொடுத்தும் அனுப்பினோம். நீங்கள் அதை ஒரே ஒரு பிளேட்டில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். இவ்வளவுக்கும் மேல், அந்த ஃபுளோரசென்ஸ் எண்களை "டோபா, லிட்டருக்கு மில்லிகிராம்" என்று தலைப்பிட்ட பத்தியில் போட்டிருக்கிறீர்கள். புகையைப் பார்த்து உலையில் எத்தனை படி அரிசி என்று சொல்வது மாதிரி இருக்கிறது இது.

அப்புறம் திருப்பி அனுப்பிய மாதிரிகள். குழாய்களைத் திறந்தால் பாதிக்கு மேல் பழுப்பு, சில கிட்டத்தட்ட கறுப்பு. டோபா காற்றுபட்டால் கறுத்து மெலனின் ஆகிவிடும், அஸ்கார்பிக் அமிலம் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். பனிப்பெட்டி இல்லாமல் சாதாரண கூரியரில் வந்த அந்த மாதிரிகளை எங்கள் எச்.பி.எல்.சி.யில் ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. உங்கள் பட்டியல் சரியா தப்பா என்று நாங்களே சோதித்துக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

உங்கள் விளம்பரத்தில் "நம்பகமான உயர்வேகத் தேர்வு" என்று இருக்கிறது. நம்பகம் என்பதற்கு இந்தத் துறையில் ஒரு கணக்கு இருக்கிறது, 1999-இலிருந்து எல்லோரும் பயன்படுத்தும் இசட்-பிரைம். பாசிட்டிவ் கன்ட்ரோலும் (மின்ன வேண்டியது) நெகட்டிவ் கன்ட்ரோலும் (மின்னக் கூடாதது) எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்று அது காட்டும், 0.5-க்கு மேல் இருந்தால் நல்ல சோதனை முறை. எங்கள் பிளேட்களுக்கு அது எவ்வளவு என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை.

டோபா பார்க்கின்சன் நோயாளிகள் தினமும் விழுங்கும் மருந்து. அதை ஈஸ்டில் மலிவாகச் செய்ய முடியுமா என்று பார்க்கிற சின்ன ஆய்வகம் நாங்கள். தப்பான பத்து ஸ்ட்ரெயின்களை நம்பி ஃபெர்மென்டரில் (பெரிய நொதித்தல் கலனில்) ஏற்றினால் எங்களுக்குப் பணம் மட்டுமல்ல, காலமும் வீண். எங்கள் மாணவர் ஒருவரின் ஆய்வேடு இந்தப் பட்டியலுக்காகக் காத்து நிற்கிறது.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். எல்லா பிளேட்களின் மூல எண்களையும், ஓ.டி. அளவோடு, எந்த ஸ்ட்ரெயின் எந்தக் குழியில் என்ற வரைபடத்தோடு, உடனே அனுப்புங்கள். உங்களிடம் உள்ள கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து (உறையவைத்துச் சேமித்த ஈஸ்டிலிருந்து) தேர்வை உங்கள் செலவில் மறுபடி நடத்துங்கள்: இடம் மாற்றிப் போட்டு, மூன்று முறை, பிளேட்டுக்குப் பிளேட் கன்ட்ரோலோடு. முதலில் வரும் முப்பது ஸ்ட்ரெயின்களையும், கூடவே நடுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சிலவற்றையும், எச்.பி.எல்.சி.யில் நேராக அளந்து, குரோமட்டோகிராமோடு (அந்தக் கருவி வரையும் வரைபடத்தோடு) தாருங்கள். நடுவிலுள்ளவற்றை ஏன் கேட்கிறேன் என்றால், நிறம் உண்மையிலேயே டோபாவோடு ஒத்துப்போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இதைச் செய்ய முடியாது என்றால் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்து, எங்கள் லைப்ரரியை உலர் பனியில் வைத்து அனுப்பிவிடுங்கள். இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குப் போவதா என்று எங்கள் வழக்கறிஞரிடம் கேட்போம்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஆய்வகப் பொறுப்பாளர்