அந்த மூன்று புள்ளிகளை எடுத்துவிடுங்கள்

வடமேற்குக் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் நடந்த தங்க வேட்டைக்காலக் கடிதங்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கும், அவற்றைப் பதிப்பிப்பவர்களுக்கும்,

வணக்கம். வடகோடியில் மண் தோண்டப் போனவன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை அச்சில் போடும்போது நடுநடுவே மூன்று புள்ளி வைத்து வெட்டுவது வழக்கமாகிவிட்டது. போகும் வழியிலிருந்த சில்கூட் மலைக் கணவாய் தப்பிக்கும், பனிச்சரிவு தப்பிக்கும், மண் அலசும் தட்டின் அடியில் மின்னிய பொடித்தங்கமும் தப்பிக்கும். மாவு எவ்வளவு மிச்சம், யாருக்கு எவ்வளவு கடன், உன் கடிதம் இன்னும் வரவில்லையே என்பதெல்லாம் புள்ளிக்குள் போய்விடும். எனக்கு வேண்டியது அந்தப் புள்ளிக்குள் போனதுதான்.

'கடிதம் வரவில்லை' என்பது அலுப்பான வரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1898இல், தங்கம் தோண்டிய ஓடைகளுக்குப் பக்கத்திலிருந்த டாசன் நகரில் தபால் வாங்க மணிக்கணக்கில் வரிசை. தனக்குப் பதிலாக நிற்கக் கூலிக்கு ஆள் வைத்தவர்களும் உண்டு. யூகான் ஆறு உறைந்துவிட்டால், கடற்கரையிலிருந்து சுமார் 600 மைல் தூரத்துக்கு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிதான் தபால் வண்டி. இவன் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் வீட்டில் அந்த விஷயமே முடிந்திருக்கும்.

இன்னொரு வரி: 'வசந்தம் வரட்டும், சொல்கிறேன்.' படிப்பவருக்கு மழுப்பல் போலத் தெரியும். மழுப்பல் இல்லை. அங்கே மண் வருடம் முழுவதும் உறைந்து கிடக்கும். ராத்திரி குழிக்குள் விறகு போட்டு எரிப்பார்கள். காலையில் புகை அடங்கியதும் இறங்கி, இளகிய மண்ணை மட்டும் தோண்டி, வாளியில் வைத்து மேலே இழுப்பார்கள். அப்புறம் மறுபடி நெருப்பு. இப்படிக் குளிர்காலம் முழுக்க வெளியே குவித்த சரளைமண்ணை, பனி உருகித் தண்ணீர் ஓடும்போதுதான் மரத்தொட்டியில் அலச முடியும். நடுவில் ஒரு தட்டு அலசிப் பார்த்து ஆசைப்படலாம், அவ்வளவுதான். பிப்ரவரியில் எழுதியவனுக்குத் தன் வரும்படி எவ்வளவு என்று உண்மையிலேயே தெரியாது.

பலருக்கு அந்தக் குழியும் இல்லை. ராபிட் ஓடையில் தங்கம் கிடைத்தது 1896 ஆகஸ்டில். சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் தங்கத்தோடு கப்பல்கள் வந்தது 1897 ஜூலையில். அதைக் கேட்டுச் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். ஏறக்குறைய ஒரு டன் சாமான் காட்டினால்தான் கனடா போலீஸ் எல்லை தாண்ட விடும். அதை முதுகில் ஏற்றி ஒரே மலையைப் பலமுறை ஏறி இறங்கி, 1898 கோடையில் போய்ச் சேர்ந்தால், நல்ல ஓடைகளில் எல்லாம் முன்னால் வந்தவர்கள் தங்கள் இடம் என்று ஏற்கெனவே முளையடித்தாயிற்று. இதை வீட்டுக்கு எப்படி எழுதுவான்? வானிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவான். அந்தப் பக்கத்தைத்தான் நீங்கள் வெட்டுகிறீர்கள்.

முழுக் கடிதத்தையும் போடுங்கள், எழுத்துப்பிழையோடு. வீட்டிலிருந்து போன பதில் ஒன்றிரண்டு தப்பியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். இடமில்லை என்றால் ஒன்றாவது செய்யுங்கள். உறை தப்பியிருந்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஊர்த் தபால் நிலையத்து முத்திரை இருந்தால், கடிதம் எழுதிய தேதிக்குப் பக்கத்தில் அந்தத் தேதியையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்