எந்தப் பிழையைப் பதிவது, எதை எண்ணுவது: முடிவெடுக்க உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க நண்பர்களுக்கு,

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வரும் டனல் மென்பொருளில் (ஒரு பாக்கெட்டை, அதாவது தரவுப் பொதியை, இன்னொன்றின் உள்ளே வைத்து மறுமுனைக்கு அனுப்பும் மென்பொருள்), வெளியிலிருந்து யுடிபி என்ற எளிய இணைய நெறிமுறையில் வரும் பாக்கெட்டைப் பெற்றுச் சரிபார்த்து, மேலுறையை நீக்கி, உள்ளே இருக்கும் பாக்கெட்டை உரிய இடத்துக்கு அனுப்பும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதியில் எந்தப் பிழைச்செய்தி பதிவுக் கோப்பில் இடம்பெற வேண்டும், எது எண்ணிக்கையாக மட்டும் நின்றால் போதும் என்ற கேள்விக்கு விடை கண்டு, அதன்படி திருத்திய பதிப்பை இப்போது வெளியிட்டிருக்கிறோம். மாறிய வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு இது சிறிய வேலையாகத் தோன்றலாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு நன்றி சொல்லவும், யார் சொன்ன கருத்து எந்த முடிவாயிற்று என்பதை எழுதி வைக்கவும் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைக் கொண்டே அவரவரைக் குறிப்பிடுகிறேன்.

முதல் நன்றி, தம் சர்வரின் பதிவுக் கோப்புகளைப் பொறுமையோடு எடுத்து அனுப்பிய நிர்வாகிக்கு. இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று அவர் முறையிட்டபோது, கோப்பு முழுவதும் 'தெரியாத பதிப்பு எண்' என்ற ஒரே வரி மீண்டும் மீண்டும் வந்திருந்தது. அதைப் பார்த்து, பதிப்பு எண்ணைப் படிக்கும் நிரலில்தான் குறை என்று நம்பி, மூன்று நாட்கள் அங்கேயே தேடினோம். உண்மையில் அந்த வரி சரியாகவே சொல்லியிருந்தது. பழைய வடிவில் பாக்கெட் அனுப்பும் கருவி ஒன்று எங்கோ அணைக்கப்படாமல் விடுபட்டு, எங்கள் மென்பொருள் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டுக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பாக்கெட்டுகளைக் கைவிட்டதால் யாருக்கும் நட்டமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியதில்தான் கேடு இருந்தது. பெறும் வேலையைச் செய்த அதே த்ரெட்டே (நிரலின் செயலோட்டம்) கோப்பிலும் எழுதியது. வட்டு மெதுவானபோது அது எழுதி முடிக்கக் காத்து நின்றது, அதற்குள் சாக்கெட்டில் (நிரல் வலையமைப்போடு பேசும் வாயில்) வந்தவற்றைத் தற்காலிகமாக வைக்கும் பெறும் பஃபர் நிரம்பி, நல்ல பாக்கெட்டுகளை இயங்குதளத்தின் மையமான கெர்னல் கைவிட்டது. அப்படிக் கைவிடப்பட்டவை எத்தனை என்பதைக் கெர்னலின் யுடிபி புள்ளிவிவரம் முதல் நாளிலிருந்தே எண்ணி வைத்திருந்தது. அந்த எண் ஏறிக்கொண்டே போவதைக் கவனித்து எங்களுக்குச் சொன்னவரும் அதே நிர்வாகிதான். எங்கள் பிழைச்செய்தியே பிழைக்குக் காரணமாக இருந்ததை அவர் கண்டிராவிட்டால், இன்னும் எத்தனை நாள் தவறான இடத்தில் தேடியிருப்போம் என்று சொல்ல முடியாது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எங்களுக்கு வந்த முதல் எண்ணம், பெறும் பாதையில் இருக்கும் எல்லாச் செய்திகளையும் எடுத்துவிடுவது. அதற்குச் சார்பாகக் கணக்கு ஒன்றும் கையில் இருந்தது. ஈதர்நெட் என்ற கம்பிவழி வலையமைப்பில் ஒரு பாக்கெட்டைச் சுமக்கும் மிகச் சிறிய சட்டகம் 64 பைட். அதன் முன்னும் பின்னும் கம்பியில் செலவாகும் 20 பைட் இடத்தையும் சேர்த்தால், 1 ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சத்து 88 ஆயிரம் பாக்கெட்டுகள் வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் 100 பைட் நீளத்தில் ஒரு வரி எழுதினால் நொடிக்கு 149 மெகாபைட், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 536 ஜிகாபைட். 10 ஜிகாபிட் இணைப்பில் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோநொடி. ஒரு வரியை உருவாக்கக்கூட அது போதாது. 115200 பாட் வேகத்தில் இயங்கும் தொடர் கன்சோலுக்கோ (கணினியின் செய்திகளை எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பும் இணைப்பு) நொடிக்கு 11,520 எழுத்துகள்தான் போகும். அதாவது 115 வரிகள். குப்பைப் பாக்கெட் அனுப்புபவர் எவரானாலும் நம் வட்டையும் நேரத்தையும் தம் விருப்பப்படி செலவழிக்கலாம் என்ற நிலையை எப்படி விட்டு வைப்பது என்று கேட்டோம்.

எடுத்துவிடாதீர்கள் என்று தடுத்த மூத்த நிரலாளருக்கு இரண்டாவது நன்றி. அவர் வாதாடுவதற்குப் பதிலாக, 1989 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1122 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் தொடக்கத்தில் பிழைப் பதிவைப் பற்றி இருக்கும் சிறு பகுதியைப் படிக்கச் சொன்னார். இணைய வழங்கிகள் (இணையத்தோடு இணைந்த கணினிகள்) எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுக்கும் அந்த ஆவணம், வழக்கத்துக்கு மாறான ஆனால் தீங்கற்ற நிகழ்வுகள் பதிவுக் கோப்பை நிரப்பிவிடும் போக்கு உண்டு என்று அன்றே எச்சரிக்கிறது. பதிவு செய்வதால் வழங்கியின் வேலை கெடக்கூடாது என்கிறது. நன்றாகப் பயன்படும் வழி என்று அது காட்டுவது, மாறுபாடுகள் எல்லாவற்றையும் எப்போதும் எண்ணுவதும், பலவகை நிகழ்வுகளைத் தேவைப்படும்போது மட்டும் தேர்ந்து பதியும் வசதியை வைப்பதும் ஆகும். சத்தமில்லாமல் கைவிடுவது என்ற சொல்லை விளக்கும் இடத்தில்கூட, அனுப்பியவருக்குப் பதில் சொல்லாமல் விடலாமே ஒழிய, எண்ணிக்கையில் சேர்க்காமல் விடக்கூடாது என்றே அது அறிவுறுத்துகிறது. எங்களுக்குப் புதிதாகத் தோன்றிய சிக்கலுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே விடை எழுதப்பட்டிருந்தது. படிக்காமல் இருந்தது எங்கள் குறை.

எண்ணுவது, பதிவது என்று இரண்டாகப் பிரிப்பது எளிது. எது எந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பதுதான் கடினம். பாதுகாப்புக் கோணத்தில் எங்கள் நிரலைப் படித்துத் தந்த நண்பருக்கு நான் மிகவும் கடன்பட்டிருப்பது இங்கேதான். நீளம் குறைவு, செக்சம் (பிழை கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்) தவறு, பதிப்பு தெரியவில்லை என்று பிழையின் வகையைக் கொண்டு நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது, இந்தப் பாக்கெட்டை அனுப்பியவர் யார் என்று இந்த வரியை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா என்ற ஒரே கேள்வி. யுடிபியில் மூல முகவரியை யாரும் பொய்யாக எழுதலாம். ஆகவே அனுப்பியவரிடம் சரியான சாவி உள்ளதா என்று பார்க்கும் அங்கீகாரச் சோதனை முடியும் வரை, வந்தது டனலின் மறுமுனையில் இருக்கும் நம் கூட்டாளியிடமிருந்தா, வழிப்போக்கரிடமிருந்தா என்று சொல்ல வழியில்லை. அந்தச் சோதனைக்கு முன் நிகழும் பிழை எதுவானாலும், காரணம் வாரியாக எண்ணப்பட வேண்டும். அதற்குத் தனிவரி கிடையாது. சோதனையைக் கடந்த பிறகு ஒரு பாக்கெட்டின் உள்ளடக்கம் பிழையாக இருக்குமானால், சரியான சாவியை வைத்திருக்கும் ஒருவர் தவறாக உருவாக்கிய பாக்கெட் அது. அப்படியானால் இரு முனைகளில் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது, அது உடனே ஒரு மனிதரின் கண்ணில் பட வேண்டும். இந்தக் கோட்டை அவர் வரைந்து காட்டியதும், வாரக்கணக்கில் நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்த செய்திகளில் பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் தம் இடத்தில் அமர்ந்தன.

அதே நண்பர் இன்னொன்றையும் கண்டார். கூட்டாளியின் பெயர் என்ற புலத்தைப் பாக்கெட்டில் வந்தபடியே செய்தியில் சேர்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு புதுவரிக் குறியை நுழைத்தால், நம் மென்பொருளே எழுதியது போன்ற பொய் வரி ஒன்றைக் கோப்பில் யாரும் உண்டாக்கிவிடலாம். வெளியிலிருந்து வந்த எழுத்துகளை நம்பிப் பதிவுக்குள் விட்டால் என்னவாகும் என்பதற்கு 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, பதிவு எழுத உதவும் ஜாவா நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டையே சான்று. அங்கே பதிவு செய்யப்பட்ட வாசகமே கட்டளையாகப் பொருள் கொள்ளப்பட்டது. இப்போது அப்புலத்தின் பைட்டுகள் பதினறும எண்களாகவே எழுதப்படுகின்றன, நீளத்துக்கும் வரம்பு உண்டு. பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெடரைத் தவிர உள்ளே இருப்பதை எந்த நிலையிலும் பதிவதில்லை என்றும் முடிவு செய்தோம். உள்ளே செல்வது பயனர்களின் சொந்தப் பேச்சு.

நம் பக்கத்துத் தோல்விகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாவிக் கோப்பைத் திறக்க முடியவில்லை, சாக்கெட்டைப் போர்ட்டில் பொருத்த முடியவில்லை என்பன ஒருமுறை நிகழ்பவை. அவை தயக்கமின்றிப் பதியப்படுகின்றன. இப்போது படிக்க ஒன்றுமில்லை, பிறகு வா என்று சாக்கெட் தரும் விடையைப் பிழை என்று எழுதிக்கொண்டிருந்த வரியை நீக்கினோம். மறுமுனை இயங்கவில்லை என்று ஐசிஎம்பி (வலையமைப்புப் பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) வழியாக வரும் தகவலை, நிலை மாறும்போது ஒருமுறையும் மீண்டும் சீரானபோது ஒருமுறையும் மட்டும் எழுதுகிறோம்.

நினைவகம் கிடைக்காத நிலை மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அது நம் தோல்விதான், ஆனால் பளு மிகும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நிகழும். லினக்ஸ் கெர்னலில் வேலை செய்து பழகிய ஒருவர், அங்கே வலையமைப்புச் செய்திகளுக்கு இருக்கும் வீத வரம்பை (குறித்த நேரத்துக்குள் எத்தனை செய்திகள் எழுதலாம் என்ற கட்டுப்பாடு) எங்களுக்கு விளக்கினார். இயல்பமைப்பில் 5 நொடிகளுக்கு 10 செய்திகள் என்பது அங்குள்ள அளவு. அதை அப்படியே எடுத்துக்கொள்ள நாங்கள் முனைந்தபோது, அந்த வரம்பு பல செய்திகளுக்கும் பொதுவானது என்பதையும், ஓயாமல் வரும் ஒரு செய்தி பங்கு முழுவதையும் தின்றுவிட்டால் அரிதாக வரும் முக்கியமான செய்தி வெளியே வராமலே போகும் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். ஆகவே எங்கள் நிரலில் ஒவ்வொரு செய்திக்கும் தனி வரம்பு வைத்தோம். அடக்கப்பட்ட செய்திகள் எத்தனை என்பதும் அடுத்த வரியில் எழுதப்படுகிறது. அந்த எண் இல்லாத வீத வரம்பு, படிப்பவரை ஏமாற்றிவிடும் என்று நான் கருதுகிறேன்.

சோதனைகளை எழுதித் தந்த மாணவிக்கு நன்றி சொல்லும்போது என் மனம் நிறைகிறது. எல்லா வகையிலும் சிதைந்த பாக்கெட்டுகளை உருவாக்கி அனுப்பி, மென்பொருள் விழாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி அவரிடம் கேட்டிருந்தோம். அவர் அதோடு நிற்காமல், அனுப்பியவற்றின் தொகை, ஏற்கப்பட்டவற்றையும் காரணம் வாரியாகக் கைவிடப்பட்டவற்றையும் கூட்டினால் வரும் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தார். கணக்கு இடித்தது. உட்பாக்கெட்டின் நீளம் சுழியமாக இருக்கும்போது, எண்ணியைத் தொடாமலும் செய்தி எழுதாமலும் நிரல் திரும்பிவிடும் பாதை ஒன்று தொடக்கம் முதலே இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. லினக்ஸ் கெர்னலிலேயே, பாக்கெட்டைக் கைவிடும்போது காரணத்தையும் சேர்த்துக் குறிக்கும் ஏற்பாடு 2022இல் வந்த 5.17 பதிப்பில்தான் தொடங்கியது என்று அறிந்தபோது, இவ்வகைக் கணக்கு எவ்வளவு எளிதில் விடுபட்டுப்போகும் என்பது புரிந்தது. இப்போது காரணம் சொல்லாமல் கைவிடும் செயற்கூறே எங்கள் நிரலில் இல்லை.

செய்திகளின் சொற்களைத் திருத்தியவர், ஆவணங்கள் எழுதித் தரும் நண்பர். 'பெறுதல் தோல்வி' என்றிருந்ததை, 'பெற்ற நீளம் 12, குறைந்தது 16 வேண்டும்' என்று அவர் மாற்றினார். வந்ததும் வேண்டியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நிரலைத் திறக்காமலே படிப்பவருக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் அவர் கேட்ட கேள்வி, இதைப் படிப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பது. எங்களால் பதில் சொல்ல முடியாத வரிகள் எண்ணியாக மாறின.

ஒரு செய்தியில் மட்டும் இன்னும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. முன்பே வந்த பாக்கெட் மறுபடி வந்தால், அது அங்கீகாரச் சோதனையைக் கடந்துவிடும். சாவியும் சரி, உள்ளடக்கமும் சரி. அது மறுபடி வந்தது என்பது சோதனையைக் கடந்த பிறகே தெரிவதால், எங்கள் கோட்டின்படி அது பதியப்பட வேண்டும். ஆனால் வலையமைப்பே சில வேளை ஒரே பாக்கெட்டை இருமுறை கொண்டுவந்து சேர்க்கிறது, அதில் எவர் குறையும் இல்லை. 2005 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 4303, ஐபிசெக் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டில் பாக்கெட்டை மறையாக்கும் இஎஸ்பி நெறிமுறைக்கு இதைத் தணிக்கைக்குரிய நிகழ்வாக வைத்து, நேரம், மூல முகவரி, சேருமிட முகவரி, வரிசை எண் முதலியவற்றைக் குறிக்கச் சொல்கிறது. பாதுகாப்பு நண்பர் அதன்படி பதிய வேண்டும் என்கிறார். சர்வர் நிர்வாகி, மீண்டும் ஒருமுறை தம் வட்டு நிரம்புவதை ஏற்க முடியாது என்கிறார். இந்தப் பதிப்பில் அதை எண்ணியாக வைத்து, ஒரு கூட்டாளிக்கான எண்ணிக்கை திடீரென உயர்ந்தால் மட்டும் ஒரு வரி எழுதுகிறோம். எவ்வளவு உயர்ந்தால் என்ற அளவை நிர்வாகி தம் சர்வரில் இப்போது அளந்து வருகிறார். அந்த எண்கள் வந்ததும் அடுத்த பதிப்பில் அதைத் திருத்துவோம். அந்த வேலைக்காக அவருக்கு முன்கூட்டியே என் நன்றி.

மிக்க அன்புடன்,
பாக்கெட் பெறும் பகுதியைப் பராமரிப்பவர்களின் சார்பில்