இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோரே, பாதுகாவலர்களே,

வணக்கம். இன்னும் எட்டு நாட்களில் இரண்டாம் தவணை முடிகிறது. கோட்டமட்டத் தமிழ்மொழித்தினப் போட்டிகளில் எமது பிள்ளைகள் பல இடங்களைப் பெற்றார்கள். வலைப்பந்தாட்ட அணி வலயமட்டம் வரை போய் வந்தது. டெங்குச் சிரமதானத்துக்குக் கத்தி, மண்வெட்டியுடன் வந்தவர்களுக்கு நன்றி. தரம் 5 மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளை வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பெறலாம். தண்ணீர்த் தாங்கி திருத்தியாகிவிட்டது. எல்லாம் நல்ல செய்திதான்.

இனி வயலின் விசயத்துக்கு வருகிறேன்.

சங்கீத அறை அலுமாரியில் 16 வயலின்கள் இருக்க வேண்டும். திங்கட்கிழமை நானும் சங்கீத ஆசிரியையும் எண்ணினோம். ஏழு இருந்தன. மற்ற ஒன்பதும் சித்திரை விடுமுறையில் வீட்டில் பழகுவதற்கென்று, உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தவை. பாடசாலை தொடங்கிய முதல் கிழமையே திரும்பி வந்திருக்க வேண்டியவை. வட்ஸ்அப் குழுவில் மூன்று தரம் நினைவூட்டினோம். கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. வயலின் ஒன்றும் வரவில்லை.

வாத்தியக்குழுவில் இப்போது 34 பிள்ளைகள். மிருதங்கம், புல்லாங்குழல், கீபோட், உடுக்கு வாசிப்பவர்களை விட்டால் வயலினுக்கு மட்டும் 20 பேர். 16 இருந்தபோதே மாற்றி மாற்றித்தான் வாசித்தார்கள். ஏழை வைத்துக்கொண்டு என்ன மாற்றுவது? அதிலும் சிறிய பிள்ளைகளுக்கான முக்கால் அளவு வயலின் நான்கும் வெளியே போன ஒன்பதுக்குள் இருக்கின்றன.

நான் கணித ஆசிரியராக இருந்து அதிபரானவன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் போன மாதம் எனது மீற்றர்கோல் காணாமற்போனபோது தேடிக்கொண்டு சங்கீத அறைக்குப் போனேன். தரம் 7 பிள்ளை ஒருத்தி சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். மீற்றர்கோலின் ஒரு நுனி நெஞ்சுக்குக் கிட்ட, மற்ற நுனி குதிக்காலில். கோலிலே பென்சிலால் கோடுகள் கீறியிருந்தாள். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் வர்ணம் வாசிக்க, இவள் கோலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். "இது ரி சேர், இது க" என்று எனக்குக் காட்டியும் தந்தாள். கோலைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளைக்கு வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வு வருகிறது, வீட்டில் பழக வேண்டும் என்கிறீர்கள். நியாயம். சோளகக் காற்றுக்கு மரம் காய்ந்து, கம்பியை முறுக்கும் பிருடை நழுவுகிறது, பலர் கை பட்டால் சுருதி நிற்காது என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், ஆனால் சுருதி சேர்ப்பதும் பிள்ளைகள் பழக வேண்டிய பாடம் என்கிறார் எமது ஆசிரியை. நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே ஆணியில் தொங்கும் வயலினுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. வயலினின் மூட்டுகள் பசையால் ஒட்டியவை; சூட்டுக்கு விட்டுவிடும். விட்டால் திருத்த யாழ்ப்பாணம் போக வேண்டும். இங்கே சந்தியில் ஒரு கம்பி வாங்கவும் கடையில்லை.

இன்னொரு காரணமும் காதில் விழுந்தது: "வயலின் அனுப்பின கனடாக்காரர் எங்கட சொந்தம்." கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் எமது பழைய மாணவர்களில் ஒரு சிலர் உங்களுக்குச் சொந்தமாக இருக்கலாம், நல்ல விசயம். ஆனால் பெட்டிகள் வந்தது பாடசாலையின் பெயருக்கு. பற்றுச்சீட்டு எழுதியதும் பாடசாலையின் பெயரில்.

வாத்தியக்குழு எதற்கு, அந்த நேரத்துக்கு ரியூசனுக்குப் போகலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முத்தமிழ் விழாவில் பிள்ளைகள் வாசித்த புதிய ஆக்கத்தைக் கேட்டுவிட்டு, "இது கீர்த்தனையும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை, என்ன சாமான் இது?" என்று ஒரு ஐயா என்னிடம் கேட்டார். அவர் ஆர்வத்தில்தான் கேட்டார். அது ஆசிரியை எங்கள் பக்கத்தில் நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து, வயலினை மூன்றாகப் பிரித்து எழுதியது. ஒரு பகுதி மெட்டைப் பிடிக்கும், ஒரு பகுதி நீளமாக இழுக்கும், ஒரு பகுதி உடுக்கோடு சேர்ந்து வெட்டி வெட்டிப் போகும். ஏழு வயலினோடு அதை வாசித்தால் இழுக்கும் பகுதிக்கு ஆள் இல்லை.

புதுசாகச் செய்வது எமது சங்கீதத்துக்குப் புதுசு இல்லையாம். வயலினே வெளியிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னைக்குக் கிட்டவுள்ள மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றார். அண்ணன் தீட்சிதரோ கோட்டையில் வெள்ளைக்காரப் பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் சங்கீதம் படித்த எமது ஆசிரியை இதைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு அவரே பாடிக் காட்டினார்.

அவர் சொன்ன இன்னொரு கதையும் மனதில் நிற்கிறது. வெனிசுவேலாவில் 1975 இல் ஹொசே அந்தோனியோ அப்ரேயு என்ற பொருளியலாளர் இளையோர் வாத்தியக்குழு ஒன்றைத் தொடங்கினார். 100 பேர் வருவார்கள் என்று நினைத்து, நன்கொடையாகக் கிடைத்த 50 இசைத்தாள் தாங்கிகளுடன் காத்திருந்தார். முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் 11 பேர். அங்கிருந்து நாடு முழுக்கப் பல இலட்சம் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் பரவியது. அங்கே தாங்கி இருந்தது, பிள்ளைகள் வரவில்லை. எமக்கு நேர்மாறு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் படலை திறக்க வரும்போது பிள்ளைகள் ஏற்கனவே சைக்கிளோடு நிற்கிறார்கள். முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் யானைப் பயத்தால் விடிந்த பிறகே வெளிக்கிட்டும், அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒரு பழைய கதை. எமது பாடசாலையில் முன்னர் இருந்தது ஒரேயொரு ஆர்மோனியம். 2009 இல் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. பாயில் சுற்றி, பொலித்தீன் போட்டு, மாமரத்துக்குக் கீழே தாட்டோம். திரும்பி வந்து தோண்டியபோது கட்டைகள் இருந்தன, துருத்தியைக் கறையான் தின்றிருந்தது. அதற்குப் பிறகு பல காலம் இந்தப் பாடசாலையில் சங்கீதப் பாடம் கைத்தாளத்தோடுதான் நடந்தது. அந்தப் பிள்ளைகள் சிலர் இன்று இந்தக் கடிதத்தை வாசிக்கும் பெற்றோர்.

ஆகையால் வெளிப்படையாகச் சொல்கிறேன். வயலின்கள் பாடசாலைச் சொத்து. ஒன்பதும் வரும் வெள்ளிக்கிழமை பாடசாலை விடுவதற்கு முன் சங்கீத அறைக்கு வர வேண்டும். வராதவற்றின் விபரத்தைப் பெயரோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசிப்பேன். அப்படி வாசிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் வாசிப்பேன். ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் இல்லாத சாமானுக்குக் கடிதம் எழுதுவது நான், நீங்கள் இல்லை.

உடைந்திருந்தால் உடைந்தபடியே கொண்டு வாருங்கள். சிலர் தராமல் வைத்திருப்பது அதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். போன கிழமை ஒரு தந்தை சாரத்தில் சுற்றிய வயலினோடு அலுவலக வாசலில் அரை மணித்தியாலம் நின்றார். மூட்டு விட்டிருந்தது, தானே மரப்பசை போட்டு ஒட்டியிருந்தார். ஒட்டியது கோணல். திருத்தக் கொடுத்திருக்கிறோம், அவரிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. அது இந்த ஒன்பதில் ஒன்றல்ல, போன வருடம் கொடுத்தது. கணக்கெழுதும் எனக்கே அது மறந்துபோயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறையில் பழகுவதை நாங்கள் நிறுத்தவில்லை. இனி ஒரு வயலினுக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. ஒருவரிடம் ஒரு கிழமை, மற்றவரிடம் ஒரு கிழமை. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. சனிக்கிழமைகளில் சங்கீத அறை விடுமுறையிலும் திறந்திருக்கும்.

வயலின் கம்பிகளைத் தாங்கும் குதிரை இரண்டு செதுக்கித் தந்த தச்சுவேலை செய்யும் தந்தைக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சட்டி கடலை அவித்து அனுப்பும் தாய்மாருக்கும், ஒத்திகை முடியும்வரை மாமரத்துக்குக் கீழே சத்தம் போடாமல் காத்திருக்கும் ஓட்டோக்காரத் தம்பிக்கும் நன்றி. பிள்ளைகளை அனுப்புகிறீர்களே, அதற்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: வயலின் வில் இரண்டும் தனியாகக் காணாமற்போயிருக்கின்றன. வயலினைத் திருப்பித் தந்தவர்கள் அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே ஒருக்கால் பார்க்கவும். வில்லில் பூசும் ரோசின் கட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. அதைச் சின்னவர்கள் இனிப்பென்று கடித்துப் பார்த்ததாக அறிகிறேன்.