டாக்டர் அம்மாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

மகளுக்குத் தினசரி மாத்திரையைப் போன மாதத்தோடு நிறுத்தியாயிற்று. பள்ளிக்கூடம் போகிறாள், தம்பியோடு மல்லுக்கு நிற்கிறாள். நேரில் சொல்லலாம் என்றால் உங்கள் அறை வாசலில் எப்போதும் கூட்டம். அதனால்தான் இந்த மடல்.

ரத்தப் புற்றுநோய் என்றதும் எங்களுக்குக் காது அடைத்துவிட்டது. நீங்கள் முதலில் அவளிடம்தான் பேசினீர்கள். "முதுகில் ஊசி போடுவேன். வலிக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்." வலிக்காதுடா கண்ணு என்று ஆரம்பித்த என்னைக் கையமர்த்தினீர்கள். அதற்கப்புறம் நீங்கள் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதே இல்லை. வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அதே வசனத்தை அவளே சொல்ல ஆரம்பித்தாள்!

ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே, ராத்திரியில் பசிக்கும், எரிந்து விழுவாள், மருந்துதான் காரணம், பிள்ளையைத் திட்டாதீர்கள் என்றீர்கள். நடுராத்திரியில் அவள் கேட்டது புளியோதரை. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் மாத்திரை கொடுத்து அமுக்கிப் பார்க்காமல் உடனே கிளம்பி வரச் சொல்லி, நோட்டு அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தீர்கள்.

இதையெல்லாம்விட என் மாமனாரிடம் பேசினீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. முதல் கட்டம் முடிந்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், "அதான் சரியாயிடுச்சே, ஊருக்குப் போலாம்" என்றார். இன்னும் இரண்டு வருடத்துக்குமேல் மருந்து என்றால் யாருக்குத்தான் மலைக்காது? அவரை உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பில் தெரியாத அணுக்கள் மிச்சமிருக்கும், பாதியில் விட்டால் திரும்பி வரும், அப்போது அடக்குவது கஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். "கோரைன்னு சொல்லுங்க. மேலே புடுங்கினா கிழங்கு உள்ளேயே கெடக்கும்" என்றார். அன்றிலிருந்து மாத்திரை டப்பா அவர் பொறுப்பு. பூசணிச்சாறு, கஷாயம் என்று யோசனை சொல்ல வந்த உறவுக்காரர்களை அவரே பார்த்துக்கொண்டார்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) கொடுத்த கல்லூரித் தம்பிகளுக்கு எப்படி நன்றி சொல்வது? ஐந்து நாளுக்குமேல் அதைச் சேமித்து வைக்க முடியாதாம். அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது வந்து, மெஷினில் ஒரு மணி நேரத்துக்குமேல் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். முகம் தெரியாத பிள்ளைக்காக வந்தார்கள். ஜூஸ்கூட வாங்கிக்கொள்ளவில்லை. நரம்பு கிடைக்காத நாளில் அவளோடு கதை பேசியபடியே ஊசி ஏற்றிய நர்ஸ் அக்காமார்களுக்கும், ரயில் சலுகைச் சான்றிதழுக்கு அலையவிடாத அலுவலக அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இடம், டாக்டர் சாந்தா வாழ்நாளெல்லாம் கிடந்து உழைத்த இடம் என்று மாமனார் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிப் பரிசோதனைக்கு மட்டும் வருவோம். அடுத்த தடவை அவரும் வருகிறாராம், மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு. யாரிடமும் எதுவும் வாங்கமாட்டீர்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. வார்டுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மகளின் அம்மா,
திருவண்ணாமலை பக்கத்திலிருந்து